சாயங்காலக் கடைத் தீனி: கேட்டதும் சொன்னதும்

வண்டிக்கடை, நோம்பிக்கடை (திருவிழாக் கடை), பொருட்காட்சித் திடல் தீனிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

லீவுக்கு அக்கா குடும்பம் சென்னையிலிருந்து கோயமுத்தூர் வருதுங்க. பெரியவங்க நாலு பேரு, குழந்தைங்க ரெண்டு. வ.உ.சி. மைதானம் பக்கம் கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் ருசி காட்டணும்னு ஆசை. ஆனா எப்பப் போனாலும் ரெண்டாவது கடையிலேயே வயிறு ரொம்பிடுது. எந்த வரிசையில சாப்பிடறது?
– வாசகி, சிங்காநல்லூர்

போனதும் காளான் தட்டை (காளானும் கோஸும் பொரித்து மசாலாக் குழம்பில் கொத்தித் தருவது) வாங்கிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். அதில் மைதா, எண்ணெய், சோள மாவு மூன்றும் சேர்ந்திருக்கின்றன. அதைத் தின்ற வயிறு அப்புறம் எதையும் வரவேற்காது. புளிப்பும் மொறுமொறுப்பும் உள்ளதில் ஆரம்பியுங்கள். ஆறு பேருக்கு முதலில் தட்டுவடை செட் (இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த்துருவலும் வைத்தது) இரண்டு தட்டு, ஆளுக்கு ஒன்றிரண்டு வரும். அடுத்து சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த பஜ்ஜி ஒரு தட்டு. காரத்தில் கடைசியாகக் காளான் ஒன்றே ஒன்று, ஆறு ஸ்பூன் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒரு சுற்று நடந்துவிட்டு இனிப்புக்கு வாருங்கள். கல்லிலிருந்து எடுக்கிற சூட்டோடு ஒப்புட்டு (போளி) இரண்டு வாங்கி, ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிய்த்துக்கொள்ளலாம். இளநீர் பாயசம், ரோஸ் மில்க் போன்ற ஜில் சமாச்சாரம் எல்லாவற்றுக்கும் பின்னால். குளிர்ந்ததைக் குடித்த வாயில் நெய்யும் எண்ணெயும் உறைந்து அண்ணத்தில் ஒட்டும், அதன்மேல் தின்கிற ஒப்புட்டு மெழுகு மாதிரி இருக்கும்.

குழந்தைகளுக்குச் சிவப்புச் சட்னி இல்லாமல் செட் போடச் சொன்னால் போட்டுத் தருவார்கள். காரம் ஏறிவிட்டால் தண்ணீர் கொடுத்துப் பயனில்லை. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, பாலோ மோரோதான் கேட்கும்.

ஐந்தரை, ஆறு மணிக்குப் போவது நல்லது. எண்ணெய் புதிது, சட்னி அரைத்து அதிக நேரம் ஆகியிருக்காது. ஒன்பது மணிக்கு மேல் போனால் மிச்சம்தான் கிடைக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம்: செல்போனில் படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் தட்டுவடை காத்திருக்காது.

சேலத்துல சாப்பிட்ட தட்டுவடை செட் மாதிரி வீட்ல வரமாட்டேங்குதுங்க. கையில எடுக்கறப்பவே நமுத்துப் போகுது, சட்னி தண்ணியா ஓடுது.
– வாசகி, பெருந்துறை

குகை, அம்மாபேட்டை பக்கத்துக் கடைகளில் கையைக் கவனித்தால் விஷயம் புரியும். காய்த்துருவலில் உப்பு போடவே மாட்டார்கள். உப்பு பட்ட கேரட்டும் பீட்ரூட்டும் ஐந்தே நிமிஷத்தில் தண்ணீர் விட்டுவிடும். உப்பு முழுக்கச் சட்னியில்தான். நமுத்துப் போவதில் பாதி இதனால்.

மீதி பாதி தட்டுவடையில் இருக்கிறது. செட்டுக்கான தட்டுவடை, டப்பாவில் போட்டு வைத்துத் தின்கிற தட்டுவடை அல்ல. ஐந்து சென்டிமீட்டர் அகலம், இரண்டு மில்லிமீட்டர் கனம் போதும். பச்சரிசி மாவு 2 கப், பொட்டுக்கடலை மாவு கால் கப், வெண்ணெய் 1 மேஜைக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், பெருங்காயம், உப்பு, பொடியாகக் கிள்ளிய கறிவேப்பிலை. ஊறவைத்த கடலைப்பருப்பு ஒரு மேஜைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். பருப்பு துருத்திக்கொண்டிருந்தால் இரண்டு வடையும் ஒன்றின்மேல் ஒன்று படியாது, கடிக்கும்போது அங்கேயே உடையும். வெண்ணெயை மாவில் விட்டு விரலால் நன்றாகப் பிசிறிய பிறகு தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். எண்ணெய் தடவிய கவரில் தட்டி, முள்கரண்டியால் நாலு குத்து. குத்தாவிட்டால் பூரி மாதிரி உப்பும். மிதமான தீயில் சலசலப்பு முழுக்க அடங்கிய பிறகே எடுக்க வேண்டும். சத்தம் இருக்கிறதென்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். நிறம் வந்துவிட்டதே என்று அவசரப்பட்டு எடுத்தால் ஆறியதும் தொய்யும். எண்ணெய் குடித்தால் வெண்ணெய் அதிகம், அல்லது தீ குறைவு. கல் மாதிரி இருந்தால் வெண்ணெய் போதவில்லை, அல்லது கனமாகத் தட்டிவிட்டீர்கள். இந்த அளவுக்கு 80, 90 வடை வரும். நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள்.

பச்சைச் சட்னி: மல்லித்தழை ஒரு கட்டு, புதினா அதில் பாதி, பச்சை மிளகாய் 4, உப்பு, பொட்டுக்கடலை 1 மேஜைக்கரண்டி. ஜில் தண்ணீர் இரண்டு மேஜைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். பொட்டுக்கடலைதான் சட்னியையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கிறது. எலுமிச்சையை அரைக்கும்போது பிழிந்தால் ஒரு மணி நேரத்தில் பச்சை போய்ப் பாசி நிறமாகிவிடும், பரிமாறும்போது கலந்தால் போதும். சிவப்புச் சட்னி: வரமிளகாய் 10 எண்ணத்தை வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, பூண்டு 6 பல், உப்பு, வதக்கித் தண்ணீர் வற்றிய தக்காளி ஒன்று சேர்த்து அரைக்கவும். தக்காளியைப் பச்சையாகப் போட்டால் ஓடத்தான் செய்யும். கரண்டியைச் சாய்த்தால் சட்னி மெதுவாக நகர வேண்டும், வழியக் கூடாது.

பீட்ரூட், கேரட் துருவலைத் துணியில் ஒரு முறை லேசாகப் பிழிந்து, பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு கலக்கவும். கீழ்வடையில் பச்சை, நடுவில் துருவல், மேல்வடையின் உள்பக்கம் சிவப்பு. ஒவ்வொரு சட்னியும் அரை டீஸ்பூன்தான். தட்டு முழுக்கச் செய்து அடுக்கிவிட்டு ஆளைக் கூப்பிடாதீர்கள், ஆளை உட்கார வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கரூர்க் கரமும் சேலத்துச் செட்டும் ஒண்ணுதானுங்களா?
– வாசகர், வேலாயுதம்பாளையம்

சாமான் கிட்டத்தட்ட ஒன்று, சேர்மானம் வேறு. செட்டில் வடை உடையாது. கரத்தில் தட்டுவடையையும் முறுக்கையும் கிண்ணத்தில் நொறுக்கிப் போட்டு, துருவல், வெங்காயம், வறுத்த கடலைக்காய், சட்னி எல்லாம் சேர்த்துக் குலுக்கிவிடுவார்கள். முட்டை போட்டும் உண்டு. சேலத்திலேயே இதன் பங்காளி ஒன்று நொறுக்கல் என்ற பேரில் இருக்கிறது. வாய் திறந்து ஒரே கடியாகக் கடிக்கச் சிரமப்படுகிற பெரியவர்களுக்குக் கரம்தான் தோது.

ரோட்டுக்கடைக் காளான்ல காளானே இல்லைங்கறாங்களே? வீட்ல செஞ்சா பசை மாதிரி ஆகுது. அளவு சொல்லுங்க.
– வாசகர், உடுமலைப்பேட்டை

பல கடைகளில் முட்டைக்கோஸ்தான் முக்கால்வாசி. அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டோம். கோஸ் இல்லாவிட்டால் அந்தத் தீனிக்கு அந்த ருசி வராது. ஆனால் காளான் துளிகூடப் போடாமல் பேரை மட்டும் வைத்துக்கொள்வது நியாயமில்லை. வீட்டில் 200 கிராம் மொட்டுக் காளானுக்கு 300 கிராம் கோஸ் சரியான பங்கு.

கோஸை மெல்லிசாக, காளானைப் பொடியாக நறுக்கி, மைதா 1 கப், சோள மாவு அரை கப், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துப் பிசிறிப் பத்து நிமிஷம் வையுங்கள். அதற்குள் காய் தானாகத் தண்ணீர் விடும். அதன்பிறகும் உதிர்ந்தால் மட்டும் தண்ணீர் தெளிக்கலாம். எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிஷத்தில் பஜ்ஜி மாவாகிவிடும், மறுபடி மைதா கொட்ட வேண்டிவரும். பசை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போட்டு, நன்கு சிவக்கப் பொரித்து வையுங்கள். மெத்தென்று எடுத்தால் குழம்பில் கரைந்துபோகும்.

அகலமான தோசைக்கல்லிலோ வடச்சட்டியிலோ எண்ணெய் விட்டு, வெங்காயம் 2, இஞ்சி பூண்டு விழுது 1 மேஜைக்கரண்டி, அரைத்த தக்காளி 2, மிளகாய்த்தூள், கரம் மசாலா, உப்பு. எண்ணெய் பிரிந்ததும் இரண்டு கப் தண்ணீர். கொதிக்கும்போது, அரைக் கப் தண்ணீரில் கரைத்த சோள மாவு 2 மேஜைக்கரண்டியை ஊற்றிக் கிளறவும். பளபளவென்று வந்ததும் பொரித்ததைப் போட்டு, தோசைக்கரண்டியின் விளிம்பால் கொத்துங்கள். பாதி மசிந்து பாதி துண்டாக நிற்க வேண்டும். மேலே பச்சை வெங்காயம், மல்லித்தழை, கொஞ்சம் கார்ன் ஃபிளேக்ஸ்.

கடையில் சிலநாள் தண்ணியாகவும் சிலநாள் பசையாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. சோள மாவுக் குழம்பு தீயில் வெகுநேரம் கிடந்து, தக்காளிப் புளிப்பும் கிளறலும் சேர்ந்தால் கெட்டித்தன்மை உடைந்து நீர்த்துப்போகும். உடனே இன்னொரு கை மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். எட்டு மணிக்கு மேல் ஊற்றிய மாவு சரியாக வேகாமலேயே தட்டுக்கு வரும். நாக்கில் மாவு வாடை அடித்தால் அதுதான். வீட்டில் குழம்பைத் தனியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் தேவையானதை மட்டும் சுடவைத்துக் கொத்துங்கள்.

ஒப்புட்டு தட்டும்போது கிழிஞ்சு பூரணம் வெளிய வருது. நாட்டுச்சர்க்கரை போட்டா இன்னும் மோசம். என்ன தப்பு?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

மேல்மாவு ஊறவில்லை, பூரணம் இளகியிருக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாமல் ஒப்புட்டு கிழியாது. மைதா கால் கிலோ, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு, தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவைவிட நன்றாகத் தளர்வாகப் பிசைந்து, நல்லெண்ணெய் 50 மில்லியை மேலே ஊற்றி இரண்டு மணி நேரமாவது மூடி வையுங்கள். ஊறிய மாவை விரலால் இழுத்தால் அறுந்துபோகாமல் கண்ணாடி மாதிரி நீள வேண்டும். சுருங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் அரை மணி நேரம் விடுங்கள்.

கடலைப்பருப்பு கால் கிலோ. விரலில் நசுங்க வேண்டும், ஆனால் முழுசாக நிற்க வேண்டும். குக்கரில் குழையவிட்டால் காரியம் கெட்டது. தண்ணீரைச் சுத்தமாக வடித்து (அந்தத் தண்ணீரை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்), 200 கிராம் நாட்டுச்சர்க்கரை, ஏலக்காய், ஒரு கை தேங்காய்த்துருவலோடு அரைக்கவும். சர்க்கரை சேர்ந்ததும் பருப்பு இளகும், அது இயல்பு. அதனால் அரைத்ததை அப்படியே உருட்டாமல் சட்டியில் போட்டுக் கிளறி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி முழுக்க ஆறவைக்க வேண்டும். சூட்டில் சரியாக இருப்பது போலத்தான் தெரியும்.

பூரண உருண்டை எலுமிச்சை அளவு, மாவு அதைவிடச் சிறிசு. எண்ணெய் தடவிய வாழையிலையில் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டுங்கள். கல் மிதமான சூட்டில் இருக்கட்டும். பருப்பு ஒப்புட்டு இரண்டு நாள் தாங்கும், தேங்காய் ஒப்புட்டை அன்றே தின்றுவிட வேண்டும்.

சர்க்கரை வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தால் வெளுப்பதற்கு ரசாயனம் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். பழுப்பு நிறமே நல்லது. உங்களுக்குப் பக்கத்திலேயே கவுந்தப்பாடிச் சந்தை இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் நாட்டுச்சர்க்கரை போகிறது.

கச்சாயம் எண்ணெய்ல போட்டதும் பிரிஞ்சு போகுதுங்க.
– வாசகி, காங்கயம்

இனிப்பு கூடிவிட்டது. கச்சாயத்துக்குப் பாகு காய்ச்சுவதில்லை, அதிரசத்திலிருந்து அதுதான் வேற்றுமை. இரண்டு கப் பச்சரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து வடித்து, ஒன்றரைக் கப் வெல்லத்தூளோடு, தண்ணீர் தெளித்து மட்டும் அரைக்க வேண்டும். வெல்லம் இளகித் தானே மாவைத் தளர்த்தும். அரைத்த பிறகு ஒரே ஒரு கரண்டி ஊற்றிப் பாருங்கள். பிரிந்தால் இரண்டு கரண்டி அரிசி மாவு கலந்து பத்து நிமிஷம் கழித்து ஊற்றவும். வந்தும் கடினமாக இருந்தால் வெல்லம் போதவில்லை. எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும். ஒன்றொன்றாக ஊற்றி, தானாக மேலெழும்பிய பிறகு திருப்புங்கள். எழும்புவதற்கு முன் கரண்டி பட்டாலும் உடையும்.

பஜ்ஜிக் கடை எண்ணெய், ரத்தச் சிவப்பில் காளான், ரோஸ் கலர் பஞ்சு மிட்டாய்… குழந்தைக்கு எதை வாங்கித் தரலாம், எதைத் தவிர்க்கலாம்?
– வாசகர், திருப்பூர்

பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருப்பது ஆய்வில் தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. அது துணிக்கும் தாளுக்கும் போடுகிற சாயம். சாயமில்லாத வெள்ளைப் பஞ்சு வெறும் சீனிதான். காளானுக்கும் பஜ்ஜிக்கும் நிறப்பொடி தேவையே இல்லை. தட்டைக் கழுவிய பிறகும், சாப்பிட்ட விரலைக் கழுவிய பிறகும் சிவப்பு போகவில்லையென்றால் அடுத்தமுறை வேறு கடை பாருங்கள்.

எண்ணெய் விஷயத்தில் சட்டமே இருக்கிறது: திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உண்டாகிற போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நடைமுறை. வண்டிக்கடைக்குக் கருவி எடுத்துக்கொண்டு போக முடியாது, கண்ணே போதும். பஜ்ஜி போடாதபோதும் சட்டி புகைகிறதா, நுரை அடங்காமல் விளிம்பு வரை நிற்கிறதா, கரண்டியிலிருந்து எண்ணெய் கொழகொழவென்று வடிகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். அச்சடித்த செய்தித்தாளில் வைத்துத் தந்தால் வாழையிலையோ தட்டோ கேளுங்கள், சூடான எண்ணெய் மையை இழுக்கும்.

பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டார்கள். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெயிலில் வைத்திருக்கிற மயோனைஸ் வேண்டாம். புகை கக்குகிற பிஸ்கட்டை மட்டும் குழந்தை எவ்வளவு அழுதாலும் வாங்காதீர்கள். புகைக்காக அதில் ஊற்றுகிற திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரிக் குளிர், வாயும் வயிறும் வெந்துபோகும்.

நாட்டுச்சர்க்கரைல செஞ்ச ஒப்புட்டு, சுகர் இருக்கறவங்க சாப்பிடலாமுங்களா?
– வாசகர், சத்தியமங்கலம்

ஆகாது. அதுவும் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறுகிற விதம் வேறல்ல. கூடவே மைதாவும் இருக்கிறது. ஆசைக்கு ஒரு துண்டு என்றால், உங்கள் டாக்டர் சொன்ன அளவுக்குள்.

இளநீர் பாயசம் ரெண்டு மணி நேரத்துல திரிஞ்சு போகுது. எங்க தோட்டத்து இளநீர்தான்.
– வாசகி, ஆனைமலை

இளநீரைக் குறை சொல்ல வேண்டாம், சூடுதான் காரணம். அரை லிட்டர் பாலை 350 மில்லியாகச் சுண்டவைத்து, சர்க்கரை சேர்த்து, பாத்திரம் கையில் ஜில்லென்று படும்வரை ஆறவைத்த பிறகே ஒரு கப் முதல் தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போது ஊற்றினால் அப்போதே திரியாவிட்டாலும் சீக்கிரம் புளிக்கும். வழுக்கைப் பதம் முக்கியம்: ஸ்பூனில் வழித்தால் தோல் ஒட்டாமல் வர வேண்டும். முற்றியதில் எண்ணெய் வாடை வரும். இரண்டு காயின் வழுக்கையில் பாதியை அரைத்தும் பாதியைப் பொடியாக நறுக்கியும் போடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து அன்றைக்கே காலி செய்ய வேண்டியது. கடையில் வாங்கும்போது டம்ளர் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறதா, மேஜை மேல் அடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாரியம்மன் நோம்பிக்கு எங்க தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு நாள் தட்டுவடை செட் கடை போடறோம். நூறு தட்டுக்கு என்ன வேணும்? எத்தனை பேர் நிக்கணும்?
– வாசகி, ஈரோடு

தட்டுக்கு ஐந்து செட் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் தட்டுவடை, ஏறக்குறைய நாலு கிலோ. உடைவதற்கு அரைக் கிலோ கூட வையுங்கள். இரண்டு நாள் முன்பே சுட்டு டின்னில் அடைக்கலாம். கேரட் 2 கிலோ, பீட்ரூட் 2 கிலோ, பெரிய வெங்காயம் ஒன்றரைக் கிலோ. சட்னி ஒவ்வொன்றும் ஒன்றேகால் லிட்டர் செலவாகும், ஒன்றரை லிட்டர் அரையுங்கள். அதற்குப் பெரிய மல்லிக்கட்டு பத்துப் பன்னிரண்டு, அதில் பாதி புதினா. எலுமிச்சை 15.

காயை மொத்தமாகத் துருவிவிடாதீர்கள். அரைக் கிலோ அரைக் கிலோவாகத் துருவி, ஈரத்துணி போட்ட போசியில் மூடி வைத்தால் கடைசித் தட்டு வரைக்கும் காய் வாடாது. பீட்ரூட்டைத் தனிப் போசியில் வையுங்கள், கேரட்டோடு முன்கூட்டிக் கலந்தால் எல்லாமே ஒரே சிவப்பாகிவிடும். பச்சைச் சட்னியை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் எலுமிச்சை பிழிந்து வெளியே வைத்து, இன்னொன்றை ஐஸ் பெட்டியில் போடுங்கள்.

நாலு பேர் வேண்டும். ஒருவர் வடையைப் பரப்பிப் பச்சை தடவ, ஒருவர் துருவல் வைக்க, ஒருவர் சிவப்புத் தடவி மூட. நாலாமவர் காசு வாங்குவதோடு சரி. காசு தொட்ட கை வடையைத் தொடக் கூடாது. கூட்டம் வருகிறதே என்று இருபது தட்டை முன்னாலேயே மூடி அடுக்குகிற ஆசை எட்டு மணிவாக்கில் கட்டாயம் வரும். அப்போது பச்சை தடவாமல் கீழ்வடைகளை மட்டும் தட்டுகளில் பரப்பி வைத்துக்கொள்ளுங்கள், அதுவே பாதி நேரத்தை மிச்சம் பிடிக்கும். பார்சல் கேட்பவர்களுக்கு வடை ஒரு கவர், துருவல் ஒரு கவர், சட்னி இரண்டு சின்ன டப்பா என்று தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள்.